மூன்று காலுக்கு இரண்டு கால் வேலையா?

"டிரான்சிஸ்டரை டையோடாகப் பயன்படுத்துவது வீண்செலவு அல்லவா?" என்று ஆய்வுக்கூடத்தில் நண்பரொருவர் என்னை வினவினார். பெருக்கும் ஆற்றல் படைத்த ஒன்றின் அடிவாயையும் ஏற்பானையும் சேர்த்துக் கட்டி, வெறும் ஒருவழிப் பாதையாக்குவானேன்? நியாயமான வினாதான். அதற்கான விடையை நான் இசைக்கருவியொன்றில் கண்டேன்.

1982-இல் பம்பாய் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், பத்து இராகங்களை மின்னிசைக் கருவிகளில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவர் கையாண்டவற்றுள் ஒன்று ஜப்பானிய ரோலண்டு நிறுவனத்தின் டிபி-303. அதன் ஒலியை மங்கலாகவும் கூர்மையாகவும் மாற்றுவது ஏணி வடிவான வடிகட்டிச் சுற்று. ஏணியின் குறுக்குப் படிகள் மின்தேக்கிகள்; இரு பக்கக் கால்களிலும் இருப்பவை டையோடாக்கப்பட்ட டிரான்சிஸ்டர்கள்!

இடுக்கி எல்லையிலுள்ள தேக்கடி மதகை நினைத்துப் பாருங்கள். பலகையை உயர்த்தினால் தமிழகத்துக்கு வரும் நீர் மிகும், தாழ்த்தினால் குறையும். இங்கே மதகு டையோடு. பலகையை உயர்த்தும் கை, அதனூடே நாம் செலுத்தும் மின்னோட்டம். 1 மைக்ரோஆம்பியர் ஓடும்போது சிறு ஒலிக்குறிப்புக்கு அது காட்டும் தடை ஏறத்தாழ 26,000 ஓம், 0.1 மில்லியாம்பியரில் 260 ஓம்தான். இத்தடையும் மின்தேக்கியும் சேர்ந்தே எந்த அதிர்வெண் வரை ஒலி கடக்கலாம் என வரையறுக்கின்றன. மின்னோட்டம் மிகுந்தால் ஒலி தெளிவாகும். குறைந்தால் உயர்ந்த ஒலிகள் மறையும்.

சாதாரண டையோடுகளாலும் இவ்வேணியைக் கட்டலாம். ஆனால் மின்னோட்டம் பத்து மடங்காகும்போது அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது அவற்றில் வகைக்கு வகை வேறுபடும். டையோடாக்கிய டிரான்சிஸ்டரிலோ, அறை வெப்பத்தில் அது ஏறத்தாழ 60 மில்லிவோல்ட். மிகச் சிறிய மின்னோட்டத்திலும் இவ்விதி பிறழ்வதில்லை. ஏணியின் இரு கால்களும் ஒத்து நடக்க இவ்வொழுங்கு பெரிதும் துணைசெய்கிறது.

ஒரு எச்சரிக்கை: சாதாரண 1என்4148 டையோடு பின்னோக்கி 75 வோல்ட் தாங்கும், இவ்வாறு கட்டிய பிசி547 சுமார் 6 வோல்ட்தான் தாங்கும். இதை மறந்து 9 வோல்ட் மின்கலத்தைத் தலைகீழாகப் பூட்டி இரண்டை இழந்தவன் நான்.

அன்பர்களே, ஒரு பிசி547, சில மின்தடைகள், ஓர் அளவுமானி போதும். மின்னோட்டத்தைப் பத்து மடங்காக்கி, அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பாருங்கள். அறுபதை ஒட்டி வந்தால், என் நண்பரின் வினாவுக்கு நீங்களே விடை சொல்லலாம்.