சர்க்கரைக் கணக்கு – 9: ஐந்து கிராம் கோடு

மெக்ஸிகோவைப் போன வாரம் பார்த்தாயிற்று. 2014இல் சர்க்கரைப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி, முதல் வருடம் விற்பனையில் சராசரியாக 6 சதவீதச் சரிவு. இந்த வாரம் டென்மார்க் என்று சொல்லியிருந்தேன். ஆனால் ஸ்காட்லாந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

அங்கே அயர்ன் ப்ரூ என்று ஒரு ஆரஞ்சு நிறக் கூல்டிரிங்க் உண்டு. 1901இல் கடைக்கு வந்தது. விஸ்கிக்கு அடுத்த தேசிய பானம் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் மார்தட்டுவார்கள். முதல் நாள் ராத்திரி குடித்துவிட்டு மறுநாள் காலை மண்டை இடித்தால் அதுதான் கைமருந்து. பேரிலுள்ள இரும்புக்கு நியாயம் செய்ய 0.002 சதவீதம் இரும்பு உப்பும் சேர்ப்பார்கள்! சர்க்கரையோ 2017 வரை 100 மில்லிக்கு 10.3 கிராம். 330 மில்லி டின் ஒன்றில் 34 கிராம் வந்தது. அவ்வளவு சர்க்கரையை நிறுத்து, காபி டம்ளரில் கொட்டிப் பார்த்தேன். கால் டம்ளரைத் தாண்டி நின்றது.

2016 மார்ச்சில் பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் குளிர்பான வரியை அறிவித்தார். வரி கட்ட வேண்டியது தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும். 100 மில்லியில் சர்க்கரை 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரியே கிடையாது. தொடக்கத்தில் 5 முதல் 8 வரை லிட்டருக்கு 18 பென்ஸ், 8ஐத் தொட்டால் 24 பென்ஸ் என்று இருந்தது. அமலுக்கு வந்தது 2018 ஏப்ரல் 6. நடுவில் விட்ட இரண்டு வருட அவகாசம்தான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி என்பேன். செய்முறையை மாற்றிக்கொள்ள கம்பெனிகளுக்குக் கிடைத்த நேரம் அது.

மாற்றினார்கள். 2018 ஜனவரியில் அயர்ன் ப்ரூவில் சர்க்கரை 4.7 கிராமுக்கு இறங்கியது. கோட்டுக்குச் சற்றே கீழே! விட்டுப்போன தித்திப்பைச் செயற்கை இனிப்பூட்டி ஈடுகட்டியது. ஊர் கொந்தளித்தது. பழைய சரக்கைப் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்கினார்கள். எங்கள் பானத்தில் கை வைக்காதே என்று ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2019 கடைசியில் கம்பெனியே பழைய குறிப்பேட்டைப் புரட்டி, 1901 என்ற பெயரில் சர்க்கரை தூக்கலான ஒரு வகையைத் தனியாக இறக்கியது.

விலை ஏறினால் மக்கள் குடிப்பதை விடுவார்களா என்றுதான் எல்லா ஊரிலும் வாதம் நடக்கிறது. பிரிட்டன் கணக்கு வேறு மாதிரி. வரி வந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வீடுகள் வாங்கிய குளிர்பானத்தின் அளவு குறையவில்லை. ஆனால் அதன் வழியே வீட்டுக்குள் வந்த சர்க்கரை வாரத்துக்குச் சுமார் 30 கிராம் குறைந்திருந்தது. 2015இல் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்த பானங்கள் 49 சதவீதம். 2019 தொடக்கத்தில் 15 சதவீதம்.

முதல் வருடம் 52 கோடி பவுண்டு வரும் என்று ஆஸ்போர்ன் மதிப்பிட்டிருந்தார். கம்பெனிகள் சர்க்கரையைக் குறைக்கக் குறைக்க, அந்த மதிப்பீடு 24 கோடி அளவுக்குச் சுருங்கியது. வசூல் குறைந்ததால் வரி தோற்றது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கஜானாவுக்கு வராத அந்தப் பணத்துக்குப் பதிலாகத்தான் சர்க்கரை குறைந்தது.

உடல் பருமன் குறைந்ததா என்ற கேள்வி நியாயமானது. 10, 11 வயதுச் சிறுமிகளிடம் 8 சதவீதம் குறைந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வந்தது. பையன்களிடம் அப்படி எதுவும் தென்படவில்லை. எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே வருடம் சொன்னது. இந்த இடத்தில் வாதம் முடியவில்லை, முடிந்ததாகச் சொல்வதும் தவறு.

ஆனால் நம்மூர் வரியை நினைத்தால் மனசு ஆறவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கேஸ் அடைத்த குளிர்பானத்துக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. சர்க்கரையே சேர்க்காத டயட் வகைக்கும் அதே 40. 10 கிராமை 4 ஆக்கினாலும் வரியில் ஒரு பைசா மிச்சமில்லை என்றால் எந்தக் கம்பெனி செய்முறையில் கை வைக்கும்? சர்க்கரையின் கிராமைப் பார்த்து வரி போடச் சொல்லி நம் எம்.பி.க்கள் கேட்க வேண்டும். இதை விரிவாக எழுதத் தனி வாரம் வேண்டும்.

அதற்கு முன் டென்மார்க் பாக்கி. பல பத்தாண்டுகளாக இருந்த குளிர்பான வரியை 2014 ஜனவரி 1 அன்று அவர்களே தூக்கிவிட்டார்கள். ஜெர்மன் எல்லைக் கடைகளுக்குக் கார் ஓட்டிப்போய்ப் பெட்டிக்கணக்கில் வாங்கிவந்த டேனிஷ் குடும்பங்களுக்கு அதில் என்ன பங்கு என்பது அடுத்த வாரம்.