அப்பாவின் குரலும் ஒரு வண்டும்!

அப்பா வாங்கிய ஆம்ப்ளிஃபயர் அது. அவர் போய் ஆறு வருஷமாச்சு. சின்ன வயசில் நான் விளையாட்டாக அவர் குரலைப் பதிவு பண்ணிய ஒரே கேசட்டைப் போட்டால், குரலை அமுக்கிக்கொண்டு 'ம்ம்ம்ம்...' என்று ஒரு வண்டு!

ரிப்பேர் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கண்டன்சர் போயிருக்கும் சார், எல்லாத்தையும் மாத்திடலாம்!" அடியேன் பி.காம்.! வவுச்சர் இல்லாமல் செலவு எழுத மாட்டேன்.

நண்பன் ஒருத்தன் வழி சொன்னான். "வால்யூமை ஸீரோ பண்ணு. அப்பவும் அதே இரைச்சல்னா, பவர் சப்ளை கண்டன்சர் மேல சந்தேகப்படு. வால்யூமோட ஏறி இறங்கினா, வம்பு வெளியிலேர்ந்து வருது."

ஏறி இறங்கியது! பின்பக்க ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். டி.வி.யிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கியதும்... கப்சிப்!

விஷயம் இதுதான். கேபிள் டி.வி. ஒயருக்கு ஓரிடத்தில் எர்த்; ஆம்ப்ளிஃபயருக்கு த்ரீ பின் வழியாக வேறிடத்தில் எர்த். இரண்டுக்கும் நடுவே வட்டமடித்த 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான் அந்த வண்டு. (எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் மேதாவிகள் உண்டு. கேட்காதீர்கள், இரைச்சலோடு நாமும் அடங்கிவிடலாம்!) ரிச்சி தெருவில் ஒரு ஐஸொலேட்டர் வாங்கி, கேபிள் ஒயருக்கு நடுவே செருகினேன்.

ராத்திரி கேசட்டைப் போட்டோம்.

"பேசினது போதும், அந்த ரூம் லைட்டை அணைடா! கரண்ட் பில் எவன் கட்டறது?" - பளிச்சென்று அப்பா.

அம்மா பேசாமல் எழுந்து போய் லைட்டை அணைத்துவிட்டு வந்தாள்.