எரிந்த சுவடியைத் திறக்காமலே வாசிக்கலாமா?

எங்கள் அம்மம்மா வீட்டு அலுமாரியில் பழைய துணியில் சுற்றிய ஏட்டுக்கட்டு ஒன்று இருக்கிறது. அவருடைய தகப்பனார் பரியாரி. அது அவருடைய மருந்து ஏடு என்று சொல்வார்கள். இடப்பெயர்வுகளின்போது மழையில் நனைந்து, பிறகு காய்ந்து, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. பல்கலைக்கழக விடுமுறை ஒன்றில் நான் மெல்லிய கத்தியால் மேல் ஏட்டைக் கிளப்பப் பார்த்தேன். ஏடு கிளம்பவில்லை. ஓரம் மட்டும் இரண்டு மூன்று எழுத்துகளோடு நொறுங்கிக் கையில் வந்தது. அம்மம்மா ஒன்றும் பேசாமல் கட்டை வாங்கிச் சுற்றி உள்ளே வைத்துவிட்டார்.

தொல்பொருட்களைத் தொடாமல், எக்ஸ்ரே கொண்டு ஆராயும் முறைகளைப் பற்றி அண்மையில் வாசித்தபோது, நொறுங்கிய அந்த ஓரம்தான் என் நினைவுக்கு வந்தது.

கரிக்கட்டிக்குள் இருந்த எழுத்து

சாக்கடலின் மேற்குக் கரையில் என்கெடி என்றொரு இடம் உள்ளது. அங்கிருந்த யூதத் தொழுகைக்கூடம் கி.பி. 600 அளவில் தீயில் அழிந்தது. 1970இல் அங்கு நடந்த அகழ்வில் கருகிய தோற்சுருள் ஒன்று கிடைத்தது. தொட்டாலே உதிரும் நிலை. பிரிக்க முயன்றால் ஒன்றும் மிஞ்சாது என்பதால் அதை அப்படியே பத்திரப்படுத்தினார்கள். வாசிக்க வழியே இல்லாத அந்தக் கரிக்கட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துக் கிடந்தது.

பின்னர் இஸ்ரேலில் அதை நுண் சி.ரி. ஸ்கேன் செய்தார்கள். அந்தத் தரவுகள் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானி பிரென்ட் சீல்ஸின் குழுவிடம் சென்றன. 2015இல் முதல் வரிகள் வெளியாகின. 2016இல் முழு ஆய்வு வந்தது. அது எபிரேய வேதத்தின் லேவியராகமத் தொடக்கம். இன்று வழங்கும் எபிரேயப் பாடத்தோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. சுருளை எவரும் பிரிக்கவேயில்லை.

எப்படி முடிந்தது?

எலும்பு முறிவுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயின் அடிப்படைதான் இங்கும். அடர்த்தி கூடிய பொருள் கதிரை அதிகம் தடுக்கும், குறைந்தது அதிகம் விடும். ஆனால் சுருளை ஒரு முறை படமெடுத்தால் எல்லாச் சுற்றுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழம்பிவிடும். அதனால் பொருளைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஏராளமான படங்கள் எடுக்கிறார்கள். கணினி அவற்றைக் கோத்து, உள்ளும் புறமும் தெரியும் முப்பரிமாண உருவமொன்றைக் கட்டுகிறது. என்கெடிச் சுருளில் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவான நுணுக்கம்கூடப் பதிவாகியது.

அடுத்ததுதான் கடினமான வேலை. சுருட்டி வைத்த பாயைப் பக்கவாட்டில் பார்த்தால் சுற்றுகள் வளையம் வளையமாகத் தெரியுமல்லவா? அப்படித் தெரியும் ஒவ்வொரு சுற்றையும் கணினியில் பின்தொடர்ந்து, அதைத் தட்டையாக விரிக்கிறார்கள். என்கெடிச் சுருளின் மை தோலைவிட அடர்த்தியானது. அதில் உலோகம் கலந்திருக்கலாம் என்கிறார்கள். அதனால் விரித்த பரப்பில் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன.

கரியில் கரி எழுத்து

எல்லா மையும் இப்படி ஒத்துழைப்பதில்லை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியின் ஹெர்குலேனியத்தில் ஒரு மாளிகை நூலகமே கரியாகிப் புதைந்தது. 1750களில் தோண்டி எடுத்தவர்கள் பல சுருள்களை வெட்டியும் பிளந்தும் பாழாக்கினார்கள். அந்தோனியோ பியாஜியோ என்ற பாதிரியார், நூலில் கட்டித் தொங்கவிட்டு மெல்ல மெல்லப் பிரிக்கும் கருவியொன்றைச் செய்தார். அதிலும் சேதம் இருந்தது. பல நூறு சுருள்கள் இன்றும் திறக்கப்படாமலே உள்ளன.

இவற்றின் மை கரியால் ஆனது. பப்பிரஸ் தாளும் கரியாகிவிட்டது. இரண்டின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்று என்பதால் எக்ஸ்ரேக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மை காய்ந்த இடத்தின் மேற்பரப்பில் மிக நுண்ணிய வெடிப்புகள் இருந்தன. அவற்றை அடையாளம் காணச் செயற்கை நுண்ணறிவைப் பழக்கினார்கள். இதற்காக 2023 மார்ச்சில் சீல்ஸும் மற்றவர்களும் ‘வெசுவியஸ் சலெஞ்ச்’ என்ற பரிசுப் போட்டியைத் தொடங்கினார்கள். அந்த ஒக்டோபரில் லூக் ஃபாரிட்டர் என்ற 21 வயது மாணவர் முதற்சொல்லைக் கண்டுபிடித்தார். ‘ஊதா’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. 2024 பெப்ரவரியில், 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகளை வெளிக்கொண்டு வந்த மூவருக்கு 7 இலட்சம் டொலர் பரிசு கிடைத்தது. இன்பத்தைப் பற்றிய தத்துவ நூலொன்றின் பகுதி அது. அத்தனையும் அந்தச் சுருளில் ஏறக்குறைய 5 வீதம்தான்.

எமக்கு இதில் என்ன?

இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் ஒரு கேள்வி எழாமல் இராது. 1981இல் எரிக்கப்பட்ட எங்கள் நூலகத்தில், ஓலைச்சுவடிகள் உட்பட 97,000 அளவான நூல்கள் அழிந்தன. அவை மீளுமா? மீளா. ஹெர்குலேனியச் சுருள்கள் சாம்பலாகாமல் கரியாக நின்றதால்தான் சுற்றும் மையும் தம் இடத்தில் இருக்கின்றன. சாம்பலில் தேட எதுவுமில்லை.

ஆனால் வீடுகளிலும் கோயில்களிலும் ஒட்டிப்போய், பூச்சி அரித்துக் கிடக்கும் கட்டுகளின் நிலை வேறு. ஏட்டில் எழுத்து எழுத்தாணியால் கீறப்பட்டது. கரி பூசுவது கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான். மை மறைந்தாலும் கீறல் பள்ளமாக இருக்கும். போதிய நுணுக்கமுள்ள ஸ்கேனில் அந்தப் பள்ளம் தெரிவதற்குக் கொள்கையளவில் தடையில்லை. அதற்கான செலவும் கருவியும் ஆட்களும் எப்போது வாய்க்கும் என்பதுதான் வேறு கதை.

அதுவரை நாம் செய்யக்கூடியது சிறிது. வாசிக்க முடியவில்லை என்று கட்டை எறியாதிருப்பது. ஈரம் படாமல் வைப்பது. கத்தியோடு கிட்டப் போகாதிருப்பது. அம்மம்மாவின் கட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அன்று நொறுங்கிய ஓரத்தையும் தாளில் மடித்து, அதனோடு வைத்திருக்கிறேன்.