இயங்க மறுக்கும் கோப்பு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. கிள்ளானில் எங்கள் வீட்டிலும் விண்டோஸ் 11 ஏறாத பழைய லாப்டாப் ஒன்று இருந்தது. தூக்கிப்போட மனம் வரவில்லை. லினக்ஸ் மிண்ட் போட்டேன், நன்றாகவே ஓடியது. பழைய கணக்கு மென்பொருள் ஒன்றுக்காக, லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டவைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் தேவைப்பட்டது. அதன் தளத்திலிருந்து 'டாட் ரன்' என்று முடியும் கோப்பை இறக்கி, பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டினேன். அது அசையவில்லை.

கோப்பில் கோளாறு இல்லை. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் ஒவ்வொரு கோப்புக்கும் படிக்க, எழுத, இயக்க என மூன்று அனுமதிகள் உண்டு. எண்ணில் 4, 2, 1. உலாவி இறக்கித் தரும் கோப்புக்கு முதல் இரண்டுதான் கிடைக்கும். போர்ட் கிள்ளானில் இறங்கிய கொள்கலன் சுங்கத்துறை விடுவிக்கும்வரை வாசலைத் தாண்டாதல்லவா? இங்கே சுங்க அதிகாரி நாம்தான். 'சிஎச்மோட்' கட்டளையில் 'பிளஸ் எக்ஸ்' சேர்த்தால் மூன்றாவது அனுமதியும் வந்துவிடும்.

அதற்குப் பிறகும் முனையத்தில் வெறும் பெயரை அடித்தால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்றுதான் பதில் வரும். நிற்கும் அடைவில் முனையம் தேடுவதில்லை. தனக்குச் சொல்லப்பட்ட சில அடைவுகளில் மட்டுமே தேடும். அங்கேயும் தேடினால், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையின் பெயரில் யாராவது விஷமக் கோப்பைப் போட்டு வைத்திருந்தால், தெரியாமல் அதை ஓட்டிவிடுவோமே! அதனால்தான் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் போடச் சொல்கிறார்கள்.

பெயரின் வாலை லினக்ஸின் உட்கருவான கர்னல் சட்டை செய்வதில்லை. 'நாசி லெமாக்' என்று பெயர் வைத்தாலும் ஓடும். அது பார்ப்பது கோப்பின் முதல் சில பைட்டுகளை: 7எஃப் என்ற பைட்டும் 'ஈஎல்எஃப்' எழுத்துகளும் இருந்தால் தொகுக்கப்பட்ட நிரல், '#!' இருந்தால் ஸ்கிரிப்ட்.

டாட் ரன் கோப்பு இரண்டாவது வகை. தலையில் சின்ன ஸ்கிரிப்ட், பின்னால் சுருக்கிக் கட்டிய மூட்டை. ஸ்கிரிப்ட் தன் உடம்பையே பிரித்து உள்ளிருப்பதை எடுத்து நிறுவுகிறது. இப்படிக் கட்டித்தரும் 'மேக்செல்ஃப்' கருவியை எழுதியவர் ஸ்டெஃபான் பீட்டர்; விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்த லோகி நிறுவனத்தில் இருந்தவர். லோகி 2002-இல் மூடப்பட்டது. என்விடியா இயக்கிகள் இன்றும் இந்த மூட்டையில்தான் வருகின்றன.

எனக்கு உறுத்துவது, நிறுவும்போது நிர்வாகி உரிமை தரும் 'சுடோ' கட்டளை. அதைச் சேர்த்து ஓட்டிவிட்டால் அந்த ஸ்கிரிப்ட் எதையும் அழிக்கலாம், எதையும் மாற்றலாம். 2016 பிப்ரவரி 20-இல் லினக்ஸ் மிண்ட் தளத்திலேயே ஊடுருவி, 17.3 சின்னமன் பதிப்பின் சுட்டியைக் கள்ளக்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் 'ஷா256' கூட்டுத்தொகையை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் தளமே திருடன் கையில் இருந்தால், கூட்டுத்தொகையையும் அவனே எழுதிவிடுவான். எண்முறைக் கையொப்பமே மேல்.

முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை முத்து நெடுமாறன் தொடங்கிய மலேசியாவில், தமிழ் தட்டச்சுக்கென்று தனியாக மென்பொருள் நிறுவியே வளர்ந்தோம். லினக்ஸ் மிண்டில் தமிழ்99 விசைப்பலகை அதன் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. அதைத் தேடும்போதுதான் கண்ணில் பட்டது: விர்ச்சுவல்பாக்ஸும் அங்கேயே இருந்தது. கர்னல் மாறும்போதெல்லாம் அதற்கு வேண்டிய கூறுகளையும் தானே புதிதாகக் கட்டிக்கொள்கிறது. இறக்கிய டாட் ரன் கோப்பை அழித்துவிட்டேன்.