பொன்முடி முதல் அகத்தியர்கூடம் வரை: குளிர்கால மலை நடையில் நண்பர் குழுக்கள் அறிய வேண்டியவை

கழக்கூட்டம் (திருவனந்தபுரம்): டிசம்பர் மாதம் பிறந்ததும் கேரளத் தலைநகரின் வடபகுதியான கழக்கூட்டத்தில் வார இறுதிக்கான பேச்சு கடற்கரையை விட்டு மலைப்பக்கம் திரும்புகிறது. 1990-ஆம் ஆண்டு இங்கு நிறுவப்பட்ட டெக்னோபார்க் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரியும் இளைஞர்களும், வாடகை வீடுகளில் தங்கியுள்ள மாணவர்களும் நண்பர்களாகச் சேர்ந்து அதிகாலையில் புறப்பட்டு, மாலையில் திரும்பும் மலை நடையை விரும்புகின்றனர். நெடுமங்காடு, விதுரா வழியாகச் சென்றால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடைந்துவிட முடிவதே இதற்குக் காரணம்.

இந்த மலைகள் இமயமலை போல் உயரமானவை அல்ல; பனியும் இல்லை. சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையே உள்ளது. இதனால், சில மணி நேர நடைக்கு ஆயத்தம் தேவையில்லை என்ற எண்ணம் பலரிடம் காணப்படுகிறது. ஆனால், தென்னிந்திய மலைகளில் கடந்த சில ஆண்டுகளில் நிகழ்ந்த விபத்துகளைப் பார்த்தால், உயரத்தை விட மூன்று விஷயங்களே ஆபத்தைத் தீர்மானிப்பது புரியும். எந்த மாதத்தில் செல்கின்றனர், எத்தனை மணிக்குத் திரும்புகின்றனர், குழுவாகச் சென்றவர்கள் குழுவாகவே இருக்கின்றனரா என்பவையே அவை.

மழைக்கும் தீக்கும் இடையே ஒரு குறுகிய பருவம்

தென் கேரளம் ஆண்டுக்கு இரு பருவமழைகளைப் பெறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. கேரள மக்கள் துலாவர்ஷம் என அழைக்கும் இரண்டாவது மழையின் இயல்பு, காலையில் வானம் தெளிந்திருந்து பிற்பகலில் இடி மின்னலுடன் கொட்டுவதாகும். மலைச்சரிவில் உள்ள சிற்றோடைகள் அப்போது திடீரெனப் பெருக்கெடுக்கும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கன்னியாகுமரியையும் தென் கேரளத்தையும் தாக்கிய ஒக்கி புயல், குளிர்காலத் தொடக்கத்தை முழுமையாக நம்பிவிட முடியாது என்பதற்குச் சான்று.

எனவே, மழை ஓய்ந்து வானம் நிலைபெறும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே நடைக்கு ஏற்றவை. தென் கேரளத்தின் மிக உயர்ந்த சிகரமான அகத்தியர்கூடத்துக்கு வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரி நடுப்பகுதி முதல் சில வாரங்களுக்கு மட்டும் பாதையைத் திறந்துவிடுவதும் இதனால்தான்.

இந்தப் பருவத்தின் மறுமுனையில் இருப்பது காட்டுத்தீ. மழை நின்று இரு மாதங்கள் கடந்ததும் மலையுச்சிப் புல்வெளிகள் வைக்கோல் போல் காய்ந்துவிடுகின்றன. தீ சமவெளியில் பரவுவதை விடச் சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பரவும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்புத் துறையினர் பின்பற்றும் பொதுக் கணக்கு. கீழிருக்கும் தீ மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுவதே இதன் காரணம். 20 டிகிரி சரிவில் அந்த வேகம் நான்கு மடங்காகும்போது, அதே சரிவில் மூச்சு வாங்க ஏறும் மனிதரால் தீயை முந்த இயலாது.

குரங்கணி கற்பித்த பாடம்

இதன் விளைவைத் தமிழ்நாடு 2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று கண்டது. தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில், கொழுக்குமலையில் இருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளில் இருந்து வந்த அக்குழுவில் பெண்களும் இளைஞர்களுமே அதிகம். விமானப்படை ஹெலிகாப்டர்களும் மீட்புப் பணியில் ஈடுபடுத்தப்பட்டன. எனினும், சிகிச்சை பலனின்றி இறந்தவர்களையும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தப்பட்டன. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் மாநில அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை காட்டுத்தீக் காலத்தை முன்னிட்டு அப்பாதைகள் மூடப்பட்டன. பாதை மூடப்பட்டுள்ளது என்ற அறிவிப்பைப் பலர் அலுவலக நடைமுறையாக எண்ணி மாற்றுவழி தேடுகின்றனர். அந்த அறிவிப்பின் பின்னால் குரங்கணி இருக்கிறது.

பகலின் கணக்கு

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் திருவனந்தபுரத்தில் பகல் நேரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. டிசம்பர் இறுதியில் பகல் சுமார் 11 மணி 40 நிமிடம். சூரியன் மாலை 6 மணியைக் கடந்து சில நிமிடங்களில் மறைகிறது. ஆனால், வெப்பமண்டலப் பகுதியில் அந்தி மிகக் குறுகியது. ஐரோப்பிய நாடுகளில் போல் நீண்ட மாலை வெளிச்சம் இங்கு கிடைக்காது. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் இருள் சூழ்ந்துவிடும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே அதற்கும் முன்பே பாதை மங்கும்.

ஒரு நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்த இந்த விதி, உலகம் முழுவதும் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஒவ்வொரு 5 கி.மீ. தொலைவுக்கும் ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பதே அது.

எடுத்துக்காட்டாக, 5 கி.மீ. தொலைவில் 600 மீட்டர் ஏறும் ஒரு பாதையில் ஏறுவதற்கு இரண்டு மணி நேரமும் இறங்குவதற்கு ஒரு மணி நேரமும் ஆகும். ஆனால், இது பழக்கமுள்ள ஒருவர் ஓய்வின்றி நடக்கும் கணக்கு. புதியவர்கள் உள்ள நண்பர் குழுவுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது நாலரை மணி நேரம் தேவை. உணவுக்கும் புகைப்படங்களுக்கும் ஒரு மணி நேரம் சேர்த்தால் ஐந்தரை மணி நேரமாகிறது.

காலை 7.30 மணிக்கு நடையைத் தொடங்கும் குழு பகல் ஒரு மணிக்கே அடிவாரம் திரும்பிவிடும். கழக்கூட்டத்தில் நிதானமாகச் சிற்றுண்டி முடித்து, 10.30 மணிக்கு நடையைத் தொடங்கும் குழு மாலை 4 மணிக்குத்தான் திரும்பும். இந்த இரண்டாவது குழுவுக்கு மிஞ்சியிருப்பது இரண்டு மணி நேர வெளிச்சம் மட்டுமே. ஒருவருக்குக் கால் சுளுக்கினாலோ, ஓரிடத்தில் வழி தவறினாலோ அதுவும் தீர்ந்துவிடும்.

மாலை நேரத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. காட்டு யானைகள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடுகின்றன. மனிதர்கள் பயன்படுத்தும் அதே பாதைகளையும் நீர்நிலைகளையும் அவையும் பயன்படுத்துகின்றன. குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வனச் சோதனைச் சாவடிகளில் நடைக்கு அனுமதி மறுக்கப்படுவது இதனால்தான்.

ஆகவே, அனுபவமுள்ள குழுக்கள் புறப்படும் முன்பே ‘திரும்பும் நேரம்’ ஒன்றை முடிவு செய்துகொள்கின்றன. உச்சி கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருந்தாலும், அந்த நேரம் வந்ததும் திரும்பிவிட வேண்டும் என்பது அதன் பொருள். இந்த முடிவை மலைமேல் எடுக்க முயன்றால், இன்னும் கொஞ்சம்தானே என்ற பேச்சே வெல்லும். அடிவாரத்திலேயே எடுத்துவிடுவது நல்லது.

குழு பிரியும்போது

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று, பாலக்காடு மாவட்டம் மலம்புழா அருகே உள்ள சேராடு மலையில் 23 வயது இளைஞர் ஒருவர் நண்பர்களுடன் ஏறினார். நண்பர்கள் பாதி வழியில் ஏற்றத்தைக் கைவிட, அவர் மட்டும் மேலே சென்றார். இறங்கும்போது கால் வழுக்கிச் செங்குத்தான பாறையின் இடுக்கில் சிக்கிக்கொண்டார். காலில் காயத்துடன், உணவும் தண்ணீரும் இன்றி 40 மணி நேரத்துக்கும் மேலாக அந்த இடுக்கில் அமர்ந்திருந்தார். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் முயன்றும் அவரை நெருங்க இயலவில்லை. பின்னர் ராணுவ வீரர்கள் இரவோடு இரவாக மலையேறி, பிப்ரவரி 9 காலையில் கயிறு மூலம் அவரைப் பத்திரமாக மீட்டனர். அனுமதியின்றி வனப்பகுதிக்குள் நுழைந்ததற்காக வனத்துறை பின்னர் வழக்கும் பதிவு செய்தது.

இச்சம்பவத்தில் வானிலையோ காட்டுவிலங்கோ காரணமில்லை. களைத்தவர்கள் நின்றதும், களைக்காதவர் தொடர்ந்ததும் நண்பர் குழுக்களில் மிக இயல்பாக நடக்கக் கூடியதே. அதனால்தான் குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம் என்பது மலை நடையின் முதல் விதியாகக் கூறப்படுகிறது. மெதுவாக நடப்பவரை முன்வரிசையிலும், பாதை அறிந்த ஒருவரைக் கடைசியிலும் நடக்கச் செய்வது நல்ல வழக்கம். ஒருவர் திரும்ப வேண்டியிருந்தால் அனைவரும் திரும்ப வேண்டும். பெரிய குழுவாக இருந்தால் குறைந்தது ஒருவரேனும் அவருடன் செல்ல வேண்டும்.

குளிரும் நீரும்

உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கடற்கரையில் 31 டிகிரி இருக்கும் ஜனவரி நண்பகலில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூட உச்சியில் 19 டிகிரி அளவே இருக்கக்கூடும். கரைக்கும் உச்சிக்கும் இடையிலான இந்த வேறுபாடு நீண்ட காலமாகவே அறிவியலாளர்களை ஈர்த்துள்ளது. திருவனந்தபுரம் வான்காணகத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், 1855-ஆம் ஆண்டிலேயே அகத்தியர்கூடத்தில் காந்தவியல், வானிலை ஆய்வுகளுக்கான கூடம் ஒன்றை அமைத்தார்.

19 டிகிரி என்பது கடுங்குளிர் அல்ல. ஆனால், வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையுடன் காற்று வீசும் உச்சியில் அமரும்போது உடல் வெப்பம் விரைவாக இறங்கும். மாற்றுச் சட்டை ஒன்றும், காற்றைத் தடுக்கும் மேலாடை ஒன்றும் பையில் இருப்பது அவசியம். குளிர்ந்த காற்றில் தாகம் குறைவாகவே தெரியும் என்பதால், தாகம் எடுக்காவிட்டாலும் மணிக்கு அரை லிட்டர் அளவில் நீர் அருந்துவது நல்லது.

அனுமதி ஏன் தேவை?

பொன்முடியைச் சுற்றியுள்ள புல்வெளிகள், தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு வாழும் பகுதிகளாகும். அங்குள்ள வரையாட்டுமொட்டை என்னும் குன்று அந்த விலங்கின் பெயரையே தாங்கியுள்ளது. இன்னும் தெற்கே நெய்யாறு, பேப்பாறை வனவிலங்கு சரணாலயங்களும், தமிழ்நாட்டின் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும் இணைந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் உள்ளது. சுமார் 3,500 சதுர கி.மீ. பரப்புள்ள இது 2001-இல் அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது. தாமிரபரணியும் நெய்யாறும் பிறக்கும் இம்மலையையே தமிழர்கள் பொதிகை எனப் போற்றுகின்றனர்.

அகத்தியர்கூடப் பயணம் ஒரே நாளில் முடிவதன்று. போணக்காட்டில் இருந்து அதிருமலை முகாம் வழியாக உச்சிக்கு ஒரு வழித் தொலைவே ஏறத்தாழ 20 கி.மீ. என்பதால் மூன்று நாள்கள் தேவை. அண்மை ஆண்டுகளில் நாளொன்றுக்குச் சுமார் 100 பேர் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றனர். மருத்துவச் சான்றும் கோரப்படுகிறது. பெண்களுக்கு நீண்ட காலம் மறுக்கப்பட்டிருந்த இந்த அனுமதி, கேரள உயர் நீதிமன்றத்தின் 2018 நவம்பர் தீர்ப்புக்குப் பின் கிடைத்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளர் தன்யா சனல் அந்த வகையில் உச்சியை அடைந்த முதல் பெண் ஆனார்.

இந்த மலைகளின் பூர்வகுடிகளான காணி மக்களே பெரும்பாலும் வழிகாட்டிகளாக உடன் செல்கின்றனர். எந்த ஓடை எப்போது பெருகும், யானை எந்த வழியில் இறங்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். களைப்பைப் போக்கும் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் பயனை அறிவியல் உலகுக்குக் காட்டியவர்களும் அவர்களே.

அனுமதிச் சீட்டின் மற்றொரு பயன் பலருக்குத் தெரிவதில்லை. யார், எத்தனை பேர், எந்தப் பாதையில் சென்றனர் என்ற விவரம் வனத்துறையின் பதிவேட்டில் இருக்கும். மாலையில் ஒருவர் திரும்பவில்லை என்றால் தேடல் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். கள்ளப் பாதையில் சென்றவரைத் தேட, மலை முழுவதையும் சல்லடை போட வேண்டும்.

புறப்படும் முன்

* இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக வெளியிடும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை முந்தைய இரவும் காலையும் பார்க்க வேண்டும்.

* பாதையின் பெயர், உடன் செல்வோர், திரும்பும் நேரம் ஆகியவற்றை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்ல வேண்டும். எந்த நேரம் வரை தகவல் வராவிட்டால் அவர் உதவி கோர வேண்டும் என்பதையும் கூற வேண்டும்.

* கைப்பேசியுடன் ஆளுக்கொரு கைவிளக்கும் விசிலும் தேவை. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மீண்டும் ஊதுவது மலைகளில் உலகளவில் அறியப்பட்ட ஆபத்து அறிவிப்பு. சிக்னல் கிடைக்கும் இடத்தில் 112 என்ற அவசர எண்ணை அழைக்கலாம்.

* பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், அவரை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

* புல்வெளியில் அடுப்பு மூட்டுவதும் புகைபிடிப்பதும் கூடாது. தொலைவில் புகை தெரிந்தால் காரணம் அறியக் காத்திராமல் திரும்பிவிட வேண்டும்.

வழிதவறியதை உணர்ந்தால், பாதை இருந்த கடைசி இடத்துக்கே குழுவாகத் திரும்ப வேண்டும். அதுவும் புலப்படவில்லை என்றால் ஒரே இடத்தில் சேர்ந்து அமர்ந்து விசில் ஊத வேண்டும். வழி தேட ஒருவரை மட்டும் அனுப்பினால், தேட வேண்டிய இடங்கள் இரண்டாகிவிடும்.