‘தமிழோசை’க்குப் பெயர் வைத்தவர் எங்கள் தீவுக்காரர், தெரியுமா?

விளம்பரம் ஒன்றுகூட இல்லை. சினிமாப் பாட்டு நிகழ்ச்சி இல்லை. விடிய முன்னர் தொடங்கி நள்ளிரவு தாண்டும்வரை பேச்சு, பேச்சு, பேச்சு! பிரித்தானியாவில் பிபிசி றேடியோ 4 இப்படித்தான் 1967 செப்டெம்பர் 30 முதல் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த வானொலியின் ஒரு நாளைக் கேட்டுப் பார்ப்போமா? போகும் வழியில் வேலணைத் தீவும் வரும்!

காலை 6 மணி

அங்கே கோடைகாலத்தில் காலை 6 மணி என்றால் வேலணையில் 10.30. ‘டுடே’ செய்தி நிகழ்ச்சி தொடங்குகிறது. 1957 இல் பிறந்து, பிரித்தானிய அரசியல்வாதிகளை விடியற்காலையிலேயே கேள்விகளால் துளைக்கும் நிகழ்ச்சி இது.

மணிக்கு முன்னர் ‘பீப், பீப்’ என்று ஆறு ஒலிகள் கேட்கும், தெரியுமா? 1924 பெப்ரவரி 5 இல் தொடங்கிய பழக்கம். முதல் ஐந்தும் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே ஒலிக்கும். ஆறாவது அரைச் செக்கன் நீளும். அந்த ஆறாவது ஒலி தொடங்கும் கணம்தான் சரியான மணி. முடியும் கணம் அல்ல!

காலை 10 மணி

‘வுமன்ஸ் அவர்’, பெண்களுக்கான நிகழ்ச்சி. தொடங்கிய ஆண்டு 1946. அதன் முதல் தொகுப்பாளர் யார் தெரியுமா? அலன் ஐவிமி என்ற ஆண்! இன்று அந்த ஒலிவாங்கியின் முன்னால் பெண்களின் ஆட்சி.

தீவில் தனியே விட்டால்?

தீவுக்காரர்களான நாங்கள் கட்டாயம் அறிய வேண்டிய நிகழ்ச்சி ‘டெசேர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’. ஆளில்லாத் தீவில் உங்களைத் தனியே விட்டால் எந்த எட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுபோவீர்கள்? ஒரேயொரு புத்தகம் எது? ஓர் ஆடம்பரப் பொருள் எது? இந்தக் கேள்விகளை வைத்தே ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதையை முழுதாக வாங்கிவிடுகிறார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1942 ஜனவரியில் தொடங்கியது, எண்பது ஆண்டு தாண்டியும் நடக்கிறது!

மாலை 7 மணி

‘த ஆர்ச்சர்ஸ்’ நாடகம். அம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தின் கதை. 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிக்கிறது. உலகிலேயே நெடுங்காலம் தொடரும் நாடகம் இதுதான். உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கமக்காரருக்குப் புதிய விவசாய முறைகளைச் சொல்லிக்கொடுக்கவே இதைத் தொடங்கினார்கள். 1950 இல் முன்னோட்டத்தில் பெக்கி என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் ஜூன் ஸ்பென்சர். இடையில் சில ஆண்டுகள் விலகியிருந்து திரும்பிவந்து, 2022 இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 103!

எங்கள் வானொலி மட்டும் சளைத்ததா? இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’, சானாவின் ‘இலண்டன் கந்தையா’, சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ எல்லாம் இலங்கை வானொலியில் ஒலித்தவை. யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழ் நாடு முழுக்கக் கேட்டது இவற்றால்தான். அந்த வானொலியின் பிறப்பும் வியப்புத்தான். 1923 இல் கொழும்பில் எட்வேர்ட் ஹார்ப்பர் என்பவர் பரிசோதனை ஒலிபரப்பு நடத்தியது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளைக் கொண்டு! 1925 டிசெம்பர் 16 இல் முறையான ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது.

நள்ளிரவு

இலண்டன் ‘பிக் பென்’ மணியோசை கோபுரத்தில் வைத்த ஒலிவாங்கியிலிருந்து நேரடியாக வரும். பிறகு 12.48 அளவில் கப்பல்களுக்கான வானிலை அறிவித்தல். பிரித்தானியாவைச் சுற்றிய 31 கடற்பகுதிகளின் பெயரையும் வரிசையாகச் சொல்லி, காற்று, அலை, பார்வைத்தூரம் எல்லாவற்றையும் சில நூறு சொற்களுக்குள் முடித்துவிடுவார்கள்.

1859 இல் ‘ரோயல் சார்ட்டர்’ என்ற கப்பல் புயலில் சிக்கி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் துயரத்தின் பிறகுதான், 1861 இல், கடற்படை அதிகாரி ரொபேர்ட் பிட்ஸ்ரோய் தந்தி மூலம் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். சார்ள்ஸ் டார்வினை ‘பீகிள்’ கப்பலில் ஏற்றிப்போன கப்டனும் அவரே! 2002 இல் ஒரு கடற்பகுதிக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். சோழகமும் வாடையும் பார்த்துக் கடலுக்குப் போகும் துறையூர்த் தொழிலாளிக்கும், பாய்க்கப்பல் கண்ட ஊர்காவற்றுறைக்கும் அந்த அறிவித்தலின் பெறுமதியை யாரும் விளக்கத் தேவையில்லை.

இலங்கையில் இரவு 9.15: எங்கள் நேரம்!

இப்போது வேலணைத் தீவுக்கு வருவோம். பிபிசியின் தமிழ்ச் சேவை இங்கே ஒலித்த நேரம் இது. பிபிசி தமிழில் பேசத் தொடங்கியது 1941 மே மாதத்தில். அந்தச் சேவைக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் சோ. சிவபாதசுந்தரம். 1912 இல் இதே தீவின் கரம்பொன்னில் பிறந்தவர்! ‘ஈழகேசரி’ ஆசிரியராக இருந்து, இலங்கை வானொலியில் பணியாற்றி, 1940களின் பிற்பகுதியில் இலண்டன் போனார். ஒலிவாங்கி முன்னால் எப்படிப் பேசுவது, எப்படி எழுதுவது என்று ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலையே தமிழில் எழுதிவைத்தார். தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை எழுத்தாளர் சிட்டியுடன் சேர்ந்து எழுதியவரும் அவரே. 2000 இல் இலண்டனில் காலமானார்.

இலண்டனிலிருந்து சிற்றலை நேராக வேலணைக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும் தெரியுமா? எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீற்றரைக் கடக்க ஒரு செக்கனில் நூறில் மூன்று பங்கு! அந்த நேரத்துக்குள், படலையில் நின்று கூப்பிட்ட குரல் பத்து மீற்றர்தான் வந்திருக்கும்.

1990 இல் போரால் தீவக மக்கள் இடம்பெயர்ந்தார்கள். யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. என்ன செய்தார்கள் தெரியுமா? சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பேசியது. சுற்றி இருந்தவர்கள் மூச்சுவிடாமல் தமிழோசை கேட்டார்கள். ஊருக்குத் திரும்பலாமா, உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்தவர்களுக்கு அந்த அரைமணி நேரம் சோற்றுக்குச் சமம்.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 உடன் நின்றது. எழுபத்தாறு ஆண்டுகள்! பெயர் வைத்தவரின் ஊர் இன்னும் இங்கேதான் இருக்கிறது. வேலணையிலும் கரம்பொன்னிலும் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிவபாதசுந்தரத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். ‘ஒலிபரப்புக் கலை’ எங்கள் பாடசாலை நூலகங்களில் இருக்க வேண்டும். பிள்ளைகளே, தொலைபேசியில் உங்கள் அம்மம்மாவின் கதையை ஒலிப்பதிவு செய்யுங்கள், காலைக் கூட்டத்தில் செய்தி வாசியுங்கள், வானொலி நாடகம் எழுதுங்கள். உலகத் தமிழர் காதுகொடுத்த ஒரு வானொலிக்குப் பெயர் தந்த தீவில் அடுத்த ஒலிபரப்பாளர் பிறக்காமலா போவார்?