விபத்து நஷ்டஈடும் வக்கீல் அமர்த்தலும்

சாலை விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுதினமே, முன்பின் அறியாத ஒருவர் கட்டிலருகே வந்து நிற்பதை நம் கிராமத்தார் பலர் கண்டிருக்கலாம். "நஷ்டஈடு வாங்கித் தருகிறோம், உங்களுக்குக் கைச்செலவு இல்லை, வருகிற தொகையில் நூற்றுக்கு இவ்வளவு கொடுத்தால் போதும்" என்று கூறி, வக்காலத்தில் கையெழுத்தோ கைரேகையோ பெற்றுச் செல்வார். வலியிலும் கலக்கத்திலும் இருக்கும் குடும்பத்திற்கு இது உதவியாகவே தோன்றும். ஆனால், கிடைக்கும் நஷ்டஈட்டில் பங்கு பேசிக்கொள்வதை வழக்கறிஞர்களுக்கு இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுத்திருக்கின்றன. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் அவ்வாறே தடுக்கப்பட்டது. விதியை மீறியே தொடங்கும் ஏற்பாட்டில் கணக்கு ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வக்காலத்து ஒருமுறை கொடுத்துவிட்டால், வேறு வக்கீலை அமர்த்த முந்தையவரின் சம்மதமோ நீதிமன்றத்தின் அனுமதியோ வேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

அவ்வாறாயின் யாரை அமர்த்துவது? அருகிலுள்ள நீதிமன்ற ஊரில் தொழில் நடத்தும் ஒருவரையே நாடலாம் என்பது நமது கருத்து. விபத்து எங்கு நடந்ததோ அங்கேதான் வழக்குப் போட வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். மோட்டார் வாகனச் சட்டம் அப்படிக் கூறவில்லை. போளூர் வட்டத்து விவசாயி ஓசூர்ச் சாலையில் அடிபட்டாலும், தாம் குடியிருக்கும் மாவட்டத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்துகொள்ளலாம். வாய்தாவுக்கு வாய்தா நெடுந்தூரம் பஸ் ஏற வேண்டியதில்லை. சாட்சி சொல்ல வருவோருக்கும் சிரமமில்லை. அமர்த்துமுன், எதிர்தரப்பு வாகன உரிமையாளருக்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ அவர் ஆஜராகி வருகிறாரா என்று கேட்டுவிட வேண்டும். கட்டணத்தை முன்கூட்டியே பேசி, கொடுத்ததற்கெல்லாம் ரசீது பெறுவதில் கூச்சம் வேண்டாம். எழுதாத காகிதத்திலோ, தொகை குறிக்காத செக்கிலோ கையெழுத்திடலாகாது.

காலவரம்பு மிக முக்கியமானது. 2019-இல் திருத்தப்பெற்று 1-4-2022 முதல் அமலுக்கு வந்த சட்டப்பிரிவு, விபத்து நடந்த 6 மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது. இவ்வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. அதை நம்பி நாட்கடத்துவது உசிதமன்று. இங்கே பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. "போலீஸுக்குப் போக வேண்டாம், ஊரிலேயே பேசி முடிப்போம்" என்று சில ஆயிரம் ரூபாயுடன் சமாதானம் செய்துவைப்பது நல்லெண்ணத்தில் நடப்பதுதான். ஆயினும் முதல் தகவல் அறிக்கை இல்லாமற்போனால், பிற்பாடு கால் மடங்காமற்போகும் மனிதருக்கு வழக்கை நிரூபிப்பது பெரும்பாடாகிவிடும்.

நல்ல வக்கீலால் விளையும் வித்தியாசம் வருமானத்தையும் ஊனத்தையும் நிரூபிப்பதில்தான் தெரியும். விவசாயத் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு ஏது? பட்டா, அடங்கல், பால் சங்கத்தில் பால் ஊற்றிய அட்டை, வங்கிப் புத்தகம் முதலியவற்றைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். மாதம் 12,000 ரூபாய் வருமானம் என்று தீர்ப்பாயம் ஏற்றதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். வயது 31 முதல் 35-க்குள் இருந்தால் அதை 16-ஆல் பெருக்க வேண்டும் என்பது 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு. ஆக 23,04,000 ரூபாய். சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 40 பங்கு போயிற்று என்றால் 9,21,600 ரூபாய். 60 பங்கு என்றால் 13,82,400 ரூபாய். டாக்டர் சான்றிதழில் குறிக்கும் ஊன சதவிகிதமும், பிழைப்பில் ஏற்படும் நஷ்டமும் ஒன்றல்ல என்று அந்நீதிமன்றமே விளக்கியிருக்கிறது. குமாஸ்தாவுக்குக் கால் முடங்குவதும், சேற்றில் இறங்கி நாற்று நடுபவருக்குக் கால் முடங்குவதும் ஒன்றாகுமா? இதை எடுத்துரைக்க, உழவு வேலையின் தன்மை அறிந்த உள்ளூர் வக்கீலே தகுந்தவர்.

பணவசதி இல்லாதோர் மனந்தளர வேண்டாம். நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் இலவசமாகவே வக்கீலை நியமிக்கின்றன. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் விவரம் கேட்கலாம். லோக் அதாலத்தில் வழக்கைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளவும் வழியுண்டு; ஆனால் அங்கு ஏற்படும் தீர்வின்மேல் அப்பீல் கிடையாது. ஊனச் சான்றிதழ் வருமுன் அவசரப்பட்டு ஒப்புக்கொள்வது நஷ்டத்தில் முடியக்கூடும்.

டிராக்டர் வைத்திருப்போர் ஒன்று கவனிக்க வேண்டும். நடவுக்கும் அறுவடைக்கும் ஆட்களை டிரெய்லரில் ஏற்றிச் செல்கையில் அது கவிழ்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் பொறுப்பை மறுத்து வாதாடும். அவ்வாதம் வென்றால் நஷ்டஈடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். நிலத்தை விற்றுக் கட்டவேண்டிய நிலைகூட வரலாம்.

மோதிய வாகனம் இன்னதென்றே தெரியாமற்போனாலும் வழியுண்டு. 1-4-2022 முதல், அவ்வித விபத்தில் இறந்தவரின் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயமுற்றவருக்கு 50,000 ரூபாயும் மத்திய அரசின் திட்டப்படி கிடைக்கும். இதற்கான மனு நீதிமன்றத்திற்குச் செல்வதில்லை. வருவாய்த் துறை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.